சீனத்து நீலமும் புவெப்லா முத்திரையும்

சங்கங்களின் கணக்கைப் பார்க்கச் செல்லுமிடங்களில் அங்கத்தினர்கள் இருவிதமாகப் பேசக் கேட்கிறேன். அயல்நாட்டு மாதிரியைத் தொட்டால் நம் தொழிலின் தனித்தன்மை போய்விடும் என்பர் ஒரு சாரார். சந்தையில் விற்பதை அப்படியே பார்த்துச் செய்வதே பிழைக்கும் வழி என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டு கருத்துக்களும் குறையுடையன என்பது என் துணிபு. மெக்ஸிகோ நாட்டின் பழைய சரித்திரம் இதைத் தெளிவாக உணர்த்துகிறது.

ஸ்பானியர் அந்நாட்டை ஆண்ட காலத்தில், 1565 முதல் 1815 வரை, பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் மெக்ஸிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே வணிகக் கப்பல்கள் சென்று வந்தன. சீனத்துப் பட்டும் பீங்கானும், ஜப்பானிய அரக்கு வேலைப் பொருள்களும் மணிலாவில் ஏற்றப்பட்டன. சென்னைப் பட்டினத்திலிருந்து மணிலாவுக்குச் சென்ற சோழமண்டலக் கரைத் துணிகளும் இவ்வாணிகத்தில் இடம்பெற்றன. இவற்றுக்கு ஈடாக அமெரிக்க வெள்ளி கீழ்த்திசைக்கு வந்தது.

இப்பொருள்கள் செல்வர் இல்லங்களை அலங்கரித்ததோடு நில்லாமல், உள்ளூர்க் கைவினைஞரின் பட்டறைக்குள்ளும் புகுந்தன. ஜப்பானிய மடிப்புத் திரையைக் கண்ட மெக்ஸிகோ ஓவியர், அதுபோன்ற திரைகளில் தம் நகரக் காட்சிகளைத் தீட்டினர். அதற்கு ஸ்பானிய மொழியில் வழங்கும் ‘பியோம்போ’ என்னும் பெயரே ஜப்பானியச் சொல்லின் திரிபாகும்.

புவெப்லா நகரத்துக் குயவர்களின் கதை இதனினும் சிறந்தது. வெள்ளீயம் சேர்த்த வெண்மெருகு பூசும் முறை அவர்களுக்கு ஸ்பெயினிலிருந்து வந்தது. சீனப் பீங்கானைக் கண்டபின் அவ்வெண்மையின்மேல் நீலத்தால் பறவையும் பூவும் எழுதலாயினர். சீன ஜாடியின் வடிவை எடுத்து, கொக்கோ வைப்பதற்காக இரும்பு மூடியும் பூட்டும் பொருத்தினர். வடிவம் சீனத்தது, மண்ணும் பயனும் அவர்களுடையவை.

அவர்களுடைய தொழிற்குழு 1653-இல் விதிகள் வகுத்தது. பாண்டங்கள் தரம் பிரிக்கப்பட்டன. ஆசான் ஒவ்வொருவரும் தம் பாண்டத்தில் தம் முத்திரையை இடவேண்டுமென்பது கட்டளை. மேல்தரப் பாண்டம் சீனப் பாண்டத்தை ஒத்த நிறம் பெறவேண்டும் என்று 1682-இல் மற்றொரு விதியும் சேர்க்கப்பட்டது. அதாவது, அயல் மாதிரியை அஞ்சி ஒதுக்கவுமில்லை; அவரவர் மனம்போல நகலெடுக்க விடவுமில்லை. அதைத் தரக்கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தனர். அத்தொழில் இன்றும் வாழ்கிறது. அப்பாண்டத்தின் பெயருக்கு மெக்ஸிகோ அரசு 1995-இல் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் அத்தொழில் இடம்பெற்றது.

எனினும் அக்குழுவை முழுமையாகப் புகழ்வதற்கில்லை. கறுப்பின மக்களும் கலப்பினத்தாரும் ஆசானாகத் தேர்வு பெறுவதை அதன் விதிகள் தடுத்தன. கையில் திறமை இருந்தும் பிறப்பால் அவர்கள் விலக்கப்பட்டனர். தகுதியுடைய எவருக்கும் கதவைத் திறந்து வைப்பது கூட்டுறவின் முதற்கொள்கை. பழைய தொழிற்குழுவுக்கும் நம் சங்கத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இன்னொரு குறையும் உண்டு. மெக்ஸிகோவின் மிஸ்டேகா பகுதியில் 16-ஆம் நூற்றாண்டில் பட்டுப்புழு வளர்ப்பு செழித்திருந்தது. கப்பலில் சீனக் கச்சாப் பட்டு வந்திறங்கியதும் நகரத்து நெசவாளர் அதை வாங்கித் தறியை ஓட்டினர். கொள்ளைநோயால் முன்னரே மக்கள் குறைந்து தளர்ந்திருந்த வளர்ப்புத் தொழில் இதனால் மேலும் நலிந்தது. நெசவாளரை இதற்காகக் குறைகூறுவதற்கில்லை. அவர்களுக்கும் வயிறு உண்டு. ஆயினும் நெசவாளர் குழுவில் வளர்ப்போருக்கு இடமில்லை. அவர்கள் குறையைக் கேட்பாரும் இல்லை.

நெய்வோரும் விளைவிப்போரும் சேர்ந்து வாசிக்கும் இவ்விதழில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய மாதிரியொன்று சங்கத்துக்கு வரும்போது, அது எந்நாட்டது என்று வாதிட்டுப் பொழுதைப் போக்கவேண்டாம். அதற்குரிய நூலும் சாயமும் எத்தரத்தில் இருக்கவேண்டும், எம்முத்திரையோடு விற்பனைக்குச் செல்லவேண்டும், நூலுக்கான பஞ்சோ பட்டோ யாரிடம் கொள்முதல் செய்யப்படும் என்ற மூன்றையும் பேரவைக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அக்கூட்டத்தில் விளைவிப்போரையும் அழைத்து அமர்த்துங்கள். அதன்பின் மாதிரி எத்திசையிலிருந்து வந்தாலும் நமக்குக் கேடில்லை.