பேரை வெட்டிக்கொள்ளும் முன்…

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். கிளைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தோழர் நம்மை ஓரமாக அழைத்துப் போனார். வயது 44. அந்தத் தோட்டத்தில் குலை வெட்டத் தொடங்கி 18 வருடங்கள் ஆகின்றன. கூட்டத்தில் வாயே திறக்காதவர், இருட்டில் நின்றுகொண்டு சொன்னார்:

"அண்ணே, நாளைக்கு ஆபீசுக்குப் போயி பேரை வெட்டச் சொல்லிடப் போறேன். அலுத்துப் போச்சு."

சம்பளத்தில் தகராறா என்று கேட்டோம். இல்லை. மண்டோரோடு மனத்தாங்கலா? அதுவும் இல்லை. வீட்டில் ஏதும் சண்டை?

"ஒண்ணுமே இல்லண்ணே. அதான் எனக்கே புரியல. காலையில பெரட்டுக்குப் போகணும்னு நெனைச்சாலே நெஞ்சை அடைக்குது. முன்னெல்லாம் பழுத்த குலையைப் பார்த்தா கை துறுதுறுங்கும். இப்போ பழுத்தா என்ன, அழுகினா என்னன்னு இருக்கு."

பாட்டாளித் தோழர்களே, இந்தப் பேச்சை நாம் கேட்பது இது முதல் தடவையல்ல. பால்மரம் வெட்டும் தாய்மாரிடமும் கேட்டிருக்கிறோம். ஆலையில் கொதிகலன் பக்கம் நிற்பவரிடமும் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். நல்ல வேலைக்காரர்கள். இருபது வருடத்தில் இருபது நாள்கூட மட்டம் போடாதவர்கள். இப்படிப்பட்டவர் ஒருநாள் "முடியல" என்று சொன்னால் நம் சனங்கள் என்ன சொல்கிறார்கள்? "உடம்பு வளையல, சோம்பேறித்தனம்" என்கிறார் ஒருவர். "தண்ணியைக் குறைக்கச் சொல்லுங்க" என்கிறார் இன்னொருவர். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறவரும் உண்டு. மறைப்பானேன்? சங்க வேலைக்கு வந்த புதிதில் நாமும் இதையேதான் சொல்லியிருக்கிறோம். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அலுப்பு வேறு, இது வேறு. அலுப்பு ஒரு ராத்திரித் தூக்கத்தில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் போய்விடும். இது ஓய்வெடுத்தாலும் போகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியல் நூலில் இதை விளக்கி, மூன்று அடையாளங்களைச் சொன்னது. உள்ளே இருந்த சக்தி வற்றிப் போதல். செய்கிற வேலையோடு மனம் ஒட்டாமல் விலகிப் போதல். முன்போல் திறமாகச் செய்ய முடியாமல் போதல். நம் தோழர் இருட்டில் நின்று சொன்னதும் இந்த மூன்றுதானே! இதை ஒரு நோய் என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வேலையிடத்தில் நாள்பட்டு ஏறிய சுமையை உரிய முறையில் இறக்கி வைக்காததால் வருவது என்றுதான் சொல்கிறது. அதாவது, குற்றம் தொழிலாளியின் எலும்பில் இல்லை. வேலை நடக்கும் விதத்தில் இருக்கிறது. பட்டணத்து ஆபீசுகளில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும் வருவது என்று இதை எழுதுகிறார்கள். அவர்கள் ஒரு நாள் வந்து அரிவாள் கம்பைப் பிடித்துப் பார்க்கட்டும்!

குலை வெட்டுவது என்றால் என்ன என்பது இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் உங்கள் பிள்ளைகள் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறோம். மரம் உயர உயரக் கம்பும் நீளும். கழுத்தை அண்ணாந்தபடியே மட்டையை இறக்க வேண்டும். அப்புறம் குலை. இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள குலை சர்வ சாதாரணம். அது விழும் இடத்தில் நம் கால் இருக்கக் கூடாது. முள்ளில் கை கிழியாமல் குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு, சகதியிலே தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வர வேண்டும். உதிரிப் பழத்தைக் குனிந்து பொறுக்க வேண்டும். விட்டால் மண்டோர் எழுதுவார். இருபத்தைந்து வயதில் இது ஒரு வீரம். நாற்பத்தைந்து வயதிலும் அதே கம்பு, அதே சுற்று, அதே கணக்கு. உடம்பு மட்டும் அதே உடம்பு இல்லை. முன்னால் போக வழியும் கிடையாது. தோட்டத்துக்கு ஒரு மண்டோர், இரண்டு மண்டோர். மற்றவர்கள் சேர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

நம்மைப் பெற்ற தாய் இருட்டோடு விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போனவர். அவருக்கும் இந்தச் சலிப்பு வந்திருக்க வேண்டும். சில நாள் மங்குகளைக் கழுவும்போது யாரோடும் பேச மாட்டார். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அப்பொழுது நமக்குப் புரியவில்லை. நாமும் இதற்கு விலக்கல்ல. தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் சுற்றி, ஒரே புகாரை ஒரே மேசையில் பத்தாவது தடவையாக வைத்த ஒரு மத்தியானம், நம் வாயிலிருந்தே "போதுமடா சாமி" என்று வந்தது. அதனால்தான் இன்றைக்கு இதை எழுதத் துணிந்தோம்.

வேலையை மாற்றிக்கொள்ள நினைப்பது பாவமா? இல்லவே இல்லை. நம் பெரியவர்கள் தாங்களாக வேலை மாறியதே அபூர்வம், மாற்றப்பட்டார்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரன் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தூக்கி எறியப்பட்டார்கள். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வந்தபோது, எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. ஒவ்வொரு தடவையும் வேலை மாற்றம் என்பது நோட்டீசாகத்தான் நம் வாசலுக்கு வந்திருக்கிறது. ஒரு தொழிலாளி தானே உட்கார்ந்து யோசித்து, "இனி எனக்கு இது வேண்டாம், அது வேண்டும்" என்று தீர்மானிப்பதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் யோசித்து! கோபத்தோடும் சலிப்போடும் ஒரு சாயங்காலத்தில் எழுதிக் கொடுக்கிற கடுதாசி, 18 வருடத்தை ஒரே கையெழுத்தில் தின்றுவிடும்.

எப்படி என்று சொல்கிறோம். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே முடிச்சு. பட்டணத்தில் ஒருவன் வேலையை விட்டால் வேலை மட்டும்தான் போகும். இங்கே பேரை வெட்டினால் கூரையும் போகும். பிள்ளை போகும் பள்ளியும் தூரமாகிவிடும். 1990ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் நம் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, வீடு நம்முடையது என்று சொல்லவில்லை.

அடுத்தது பணம். தோட்டத்தை மூடி நிர்வாகம் ஆட்குறைப்புச் செய்தால், 1980ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்து வருடம் நிறைந்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம் உண்டு. நம் தோழருக்கு 18 வருடம். 360 நாள் சம்பளம். சின்னத் தொகையா? அவரே விலகினால் ஒரு காசு கிடையாது. 2018 ஜனவரியிலிருந்து வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதுவும் தானாக வேலையை விட்டவருக்கு உதவித்தொகை தராது. தன் வேலையில் சேராத ஆபத்தான வேலையைச் செய்யச் சொன்னதால் விலகினவர், மிரட்டலால் விலகினவர் கதை வேறு. அப்படிப்பட்டவர்கள் தாமதிக்காமல் சங்கத்துக்கும் சொக்சோவுக்கும் வர வேண்டும். மனுவுக்குக் கெடு உண்டு.

சிலர் சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரியோடு லாரி ஏறிவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் 8 வாரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது வேலைச் சட்டம். தெரிவிக்காமல் போனால் அந்த 8 வாரச் சம்பளத்தை நாம் கட்ட வேண்டி வரும். இது தெரியாமல் கடைசி மாதச் சம்பளத்தையே இழந்தவர்கள் உண்டு.

ஒரே வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்த இருவரை நமக்குத் தெரியும். ஒருவர் வெறுத்துப்போய் விலகிக் கிள்ளான் பக்கம் போனார். 14 மாதம் கழித்துத் தோட்டத்து நிலம் வீடமைப்புக்குப் போனது. அடுத்த வீட்டுக்காரர் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு கௌரவமாக வெளியேறினார். முதலாமவர் அன்றைக்கு வந்து பெரட்டுக் களத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நாம் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தோம்.

ஆகவே முதலில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: வெறுத்துப் போனது வேலையா, வேலை செய்கிற விதமா? ஐந்து வருடம் நிறைந்த தொழிலாளிக்கு வருடத்தில் 16 நாள் சம்பளத்தோடு லீவு, 22 நாள் மருத்துவ லீவு. கடைசியாக எப்போது லீவு எடுத்தீர்கள்? பலர் லீவையும் காசாக்குகிறார்கள். ஓய்வு நாளிலும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடச் செலவு நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பத்து வருடமாக லீவை விற்றுச் சாப்பிட்ட உடம்பு ஒருநாள் கணக்குக் கேட்கத்தான் செய்யும். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை நேரம். உங்கள் தோட்டத்தில் அது கடிகாரத்தில் இருக்கிறதா, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று கிளைச் செயலாளரைக் கேளுங்கள்.

தோட்டத்துக்குள்ளேயே வேறு வேலை கேட்கலாம். நாற்று மேடை, பழம் தரம் பார்க்கும் இடம், டிராக்டர், ஆலை. கேட்டால் தருவார்களா என்று சிரிக்கிறீர்கள். 2020லிருந்து எல்லை மூடிக் கிடந்தபோது ஆள் இல்லாமல் மரத்திலேயே பழம் அழுகியதை மறந்துவிட்டோமா? பழுத்த குலையைப் பார்த்த மாத்திரத்தில் அறிகிற கண் நமக்கு இருக்கிறது. அது நேற்று வந்த ஆளுக்கு இல்லை. எழுத்தில் கேளுங்கள், நகலைச் சங்கத்தில் கொடுங்கள்.

உடம்பே ஒத்துழைக்கவில்லை என்றால், விலகல் கடுதாசிக்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள். தோள், முதுகு, கழுத்து, எல்லாவற்றையும் மருத்துவக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். வேலை செய்ய முடியாத அளவுக்குப் போய்விட்டால் சொக்சோவில் ஊனமுற்றோர் பென்ஷன் உண்டு. அதற்குப் பொதுவாக 60 வயதுக்குள் மனுச் செய்ய வேண்டும். சந்தாவும் போதிய மாதங்களுக்குக் கட்டியிருக்க வேண்டும். வேலையை விட்டு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு வருகிறவருக்கு இங்கே இடிக்கலாம்.

இதற்கெல்லாம் பிறகும் "போகத்தான் வேணும்" என்றால் போங்கள்; நல்லபடியாகப் போங்கள். எங்கே போவது? நம் ஆட்கள் முதலில் தேடுவது ஜாகா வேலை. 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி அங்கேயும் உண்டுதான். ஆனால் 12 மணி நேரம், பகலும் இரவும் மாறி மாறி. வெயிலில் நின்ற கால் வாசலில் நிற்கிறது, அவ்வளவுதான். அதிலும் வீட்டு வாடகை இனி நம் தலையில். இந்தக் கணக்கைப் போடாமல் போனவர்கள் ஆறே மாதத்தில் அதே சலிப்போடு நம்மிடம் வந்திருக்கிறார்கள்.

டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர் லாரிக்கான ஜிடிஎல் லைசென்ஸ் எடுக்கலாம். வெல்டிங், வயரிங், இயந்திரம் பழுது பார்ப்பது என்று கைத்தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், பள்ளியில் உட்காராமலே அனுபவத்தைக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. 'பெங்கிக்தீராஃபான் பென்சாபாயான் தெர்டாஹுலு' என்று கேட்டால் திறன் மேம்பாட்டுத் துறையில் சொல்வார்கள். சொந்தமாகக் கடை, வேன் என்று போகிறவர் சுயதொழில் செய்வோருக்கான சொக்சோவில் பதிந்துகொள்ள மறக்கக் கூடாது. எதுவானாலும் முதலில் லீவு நாட்களில் செய்து பாருங்கள். சேமநிதியில் 2024 மே மாதம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி மூன்றாவதாக ஒரு கணக்கைத் திறந்துவிட்டார்கள். அதை இந்தச் சலிப்புக் காலத்தில் தொடாதீர்கள். போகிற இடத்தில் வீட்டு முன்பணத்துக்கு அந்தக் காசு வேண்டும்.

நிர்வாகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டிய குலை வெட்டுத் தொழிலாளிக்கு உயரமான மரத்திலிருந்து வேறு வேலைக்கு மாற ஒரு வழி வைப்பது தருமமல்ல, கணக்கு. அனுபவசாலியை இழந்து புது ஆளைப் பழக்கும் செலவு துரைமாருக்குத் தெரியாதா? சங்கத்துக்காரர்களாகிய நாமும் கைகட்டி நிற்க முடியாது. கூலி கேட்டோம், போனஸ் கேட்டோம். இருபது வருடம் ஒரே கம்பைப் பிடித்த மனிதனுக்கு அடுத்து என்ன என்று நாம் கேட்டோமா? அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதுவும் இடம்பெற வேண்டும் என்பது நம் கருத்து.

அன்று இரவு அந்தத் தோழரின் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து இதையெல்லாம் கணக்குப் போட்டோம். சேமநிதித் தாளை எடுத்து வந்து கொடுத்த அவர் மனைவிக்கு, கணவர் வேலையை விட நினைத்ததே அப்போதுதான் தெரியும். "ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். அதட்டவில்லை. நம் தோழர் ரொம்ப நேரம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அந்த வருடத்து லீவில் ஒரு நாள்கூட அவர் எடுத்திருக்கவில்லை. ஒரு வாரம் எடுப்பதென்று முடிவாயிற்று. பழம் தரம் பார்க்கும் இடத்துக்கு மாற்றக் கேட்டு எழுதிய கடிதத்தில் அங்கேயே கையெழுத்து வாங்கினோம். வருகிற செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு நாமும் கூடவே ஆபீசுக்குப் போகிறோம். நிர்வாகம் என்ன சொன்னாலும் அடுத்த வாரம் இதே பகுதியில் எழுதுவோம்.