குட்டிக் கைகளுக்கு ஒனிகிரி: உப்பைக் குறைப்போம்

ஜப்பானியர் சோற்றைக் கையால் பிடித்துச் செய்யும் ஒனிகிரி இப்போது நம் வீட்டுக் குழந்தைகளின் தட்டிலும் இடம் பிடித்துவிட்டது. நாம் இதை வரவேற்கிறோம். நம் பாட்டிமார் உருட்டிக் கொடுத்த சோற்று உருண்டைக்கு இது உறவுதான். பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடப் பழகுகிறது.

நமக்குள்ள கவலை உப்பு. ஒரு தேக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 1 கிராம் உப்பு உண்டு. 1 முதல் 3 வயது வரை நாளுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை. ரொட்டியும் சீஸும் அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. எனவே சோயா சாஸ், பாக்கெட் தூவல் பொடிகள், உப்பிட்ட உமெபோஷி ஆகியவற்றை இந்த வயதில் தவிர்ப்பதே நல்லது.

செய்முறை எளிது. சுஷி அரிசியையோ பச்சரிசியையோ குழைய வேக வையுங்கள். வெதுவெதுப்பானதும், முள் நீக்கி உதிர்த்த வேகவைத்த மீன் அல்லது மசித்த பூசணிக்காய் சேர்த்து, ஈரக்கையால் பிடிகொழுக்கட்டை போலப் பிடியுங்கள். நோரி கடற்பாசித் தாள் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பொடியாக நொறுக்கித் தூவினால் போதும். பிள்ளை உட்கார்ந்து சாப்பிடட்டும், அருகிலேயே இருங்கள்.

மீந்த சோற்றை மேசையில் விட்டுவைக்காதீர்கள். அதில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

நாக்கு சுவை பழகும் வயது இது. இரத்த அழுத்த மாத்திரை நம் பல வீடுகளில் இருக்கிறது. பிள்ளைகளுக்காவது உப்புக் குறைந்த நாக்கைக் கொடுப்போம்.