எட்டாந்தரத் தங்கச்சிக்கு எந்தப் பாடத்திட்டம்?

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சு ஓய்ஞ்சபோது எங்க பக்கம் கரண்ட் இல்ல, போன் சிக்னல் இல்ல. சில இடங்கள்ல பாதை இருந்த இடத்துல மண்தான் இருந்தது. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன. கம்பஸும் மூடினதால நாங்கள் எல்லாரும் ராகலையில வீட்டோட இருந்தோம். அப்பதான் எங்கள்ல ஒருத்தியோட தங்கச்சி, எட்டாந்தரம் படிக்கிறவள், காம்பராவுக்குள்ள போர்வையைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்தபடி கேட்டாள்: "அக்கா, இந்த மலை இவ்வளவு காலமா நின்னுச்சே, இப்ப மட்டும் ஏன் சரியுது?"

நாங்கள் கலைப்பீடத்துக்காரர்கள். மலையக வரலாறு, சம்பளப் போராட்டம், இலக்கியம் என்று பேசச் சொன்னா விடிய விடியப் பேசுவோம். ஆனா அன்றைக்கு "மழை கூடிப்போச்சு" என்பதைத் தாண்டி எங்கள்ல ஒருத்தருக்கும் வாய் வரல. வெட்கமா இருந்தது.

அதனால ஒரு முடிவு எடுத்தோம். லயத்துல 6ஆம் தரத்துல இருந்து 9ஆம் தரம் வரை படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேர். பள்ளிக்கூடம் திறக்கும் வரைக்கும், திறந்த பிறகு பின்னேரங்களிலும், புவி விஞ்ஞானத்தை வீட்டிலேயே ஒழுங்காச் சொல்லிக் கொடுக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தி வீட்டுல வச்சுப் படிப்பிக்கிற வெளிநாட்டு முறை இல்லை இது. நம்ம நாட்டுல 5 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் கல்வி கட்டாயம், அது அப்படியே இருக்கட்டும். பள்ளிக்கூடம் கொடுக்கிறதுக்குப் பக்கத்துல நாம என்ன வைக்கலாம் என்பதுதான் எங்க கேள்வி. எதை வைக்கிறது என்று இரண்டு கிழமை தேடினோம். தேடினதுல எங்களுக்கு வந்த கருத்தைத்தான் இங்க எழுதுறோம்.

முதல்ல கண்ணுல பட்டது அமெரிக்க வீட்டுக்கல்விப் பொதிகள். பார்க்க ஆசையா இருக்கும். கிழமைக்குக் கிழமை திட்டம், செய்முறை, வீடியோ, பரீட்சை எல்லாம் தயார். அந்த நாட்டுல 2013இல் வந்த விஞ்ஞானக் கல்வித் தரநிலைகள், புவியையும் விண்வெளியையும் பௌதிக விஞ்ஞானத்துக்கும் உயிர் விஞ்ஞானத்துக்கும் சமமான ஒரு பெரிய பகுதியா வச்சிருக்கு. அந்த எண்ணம் நல்லது, நம்ம பாடத்திட்டக்காரரும் பார்க்க வேண்டியது. ஆனா நாங்கள் பார்த்த பொதிகள்ல பிள்ளை முதல்ல செய்யிறது வினாகிரியும் சோடாத்தூளும் கலந்து எரிமலை. அடுத்தது டொர்னாடோ. அதுக்கு அடுத்தது இலை உதிர்ற காலம், பனி கொட்டுற காலம். இலங்கையில எரிமலையே கிடையாது. கந்தப்பளைக் குளிருக்கு வாய்ல புகை வரும், பனி கொட்டாது. மொழியும் ஆங்கிலம், விலையும் டொலர். கொழும்புல வசதியான வீட்டுக்கு ஒருவேளை சரிவரும். எங்க காம்பராவுக்கு வராது.

இரண்டாவது, தமிழ்நாட்டுச் சமச்சீர்ப் புத்தகங்கள். இணையத்துல சும்மாவே கிடைக்குது, தமிழ்லயே இருக்கு. எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல்ல பாறை, மண், நீரியல் சுழற்சி, இடர்கள் என்று தனித்தனிப் பாடங்கள். படங்களும் தெளிவு. எங்களுக்குப் பிடிச்சிருந்தது, இப்பவும் பாவிக்கிறோம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அங்க 'படிவுப்பாறை', இங்க 'அடையற்பாறை'. அங்க 'வடகிழக்குப் பருவக்காற்று', இங்க 'வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்று'. அங்க 'நிலச்சரிவு', நம்ம வாயில 'மண்சரிவு'. பெரியவங்களுக்கு இது சின்ன விஷயம். பரீட்சைத் தாள்ல தெரியாத சொல்லைக் கண்டு விழிக்கிற பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்ல. அதனால தமிழ்நாட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது பக்கத்துல ஒரு கொப்பி வச்சு, இரண்டு நாட்டுச் சொல்லையும் எதிரெதிரே எழுத வைக்கிறோம்.

மூன்றாவது, எல்லாரும் வீட்டுல வச்சுக்கிட்டே திறக்காத ஒன்று. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இலவசமாத் தர்ற விஞ்ஞானப் புத்தகமும் புவியியல் புத்தகமும். எங்க முடிவு இதுதான்: முதுகெலும்பு இந்தப் புத்தகமா இருக்கணும். பிள்ளை எழுதப் போற பரீட்சை அது, பாவிக்கப் போற சொல்லும் அது. மற்றதெல்லாம் துணை.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. அதைச் சொல்லாம விட்டா நாங்கள் பொய்யர்கள். 6ஆம் தரத்துல இருந்து 9ஆம் தரம் வரைக்கும்தான் புவியியல் எல்லாருக்கும். சாதாரண தரத்துக்குப் போனா அது விருப்பப் பாடம். எடுக்காத பிள்ளை, மலை மேல வாழ்ந்துகிட்டே மலையைப் பத்தி அதுக்குப் பிறகு பெருசாப் படிக்காமலே போயிடும். பல்கலைக்கழகத்துலயும் இதே பிரிவினைதான். பேராதனையில புவிச்சரிதவியல் விஞ்ஞான பீடத்துல இருக்கு, புவியியல் கலைப்பீடத்துல இருக்கு. கல் ஒரு பக்கம், அந்தக் கல்லுக்கு மேல வாழ்ற சனம் இன்னொரு பக்கம். ஆனந்த குமாரசுவாமி என்றதும் கலைப்பீடத்துல நமக்கு நடராஜர்தான் ஞாபகம் வரும். அவர் முதல்ல பாறை பார்த்தவர். 1903இல் இருந்து 1906 வரை இலங்கையின் கனிய அளவைக்குப் பொறுப்பா இருந்தவர், தோரியனைற்று என்ற கனியத்தை இனங்கண்டவர். அந்தக் காலத்துல ஒரே ஆள் இரண்டையும் பார்க்க முடிஞ்சது. "நாங்க ஆர்ட்ஸ், எங்களுக்கு இது தெரியாது" என்று நாம ஒதுங்கினா அது சோம்பேறித்தனம்.

அந்த ஓட்டையை அடைக்கிறதுக்கு நாங்கள் வச்ச விதி இது: படிக்கிற நேரத்துல பாதி காம்பராவுக்கு வெளியில.

ஒரு சோடாப் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்து, அதே போத்தலுக்குள்ள புனல் மாதிரி வச்சா மழைமானி. அடியில வளைவா இருக்கிற பகுதியைக் கூழாங்கல்லும் தண்ணியும் போட்டு நிரப்பி, நேரான பக்கம் தொடங்குற இடத்தைப் பூச்சியம் என்று வைக்கணும். அதுக்கு மேல ஒரு அடிமட்டத்தை ஒட்டினா மில்லிமீற்றர்ல மழை தெரியும். தினம் காலை 8.30க்கு அளக்கிறோம், வளிமண்டலவியல் திணைக்களம் அளக்கிற நேரமும் அதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாவிக்கிற எல்லைகளைச் சுவர்ல எழுதி ஒட்டியிருக்கிறோம். 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீற்றர் தாண்டினா அவதானம். 100 தாண்டினா வெளியேறத் தயார். 150 தாண்டினா, இல்ல ஒரு மணித்தியாலத்துல 75 பெய்தா, வெளியேறணும். ஒரு நாள் காலையில போத்தலைப் பார்த்துட்டு ஆறாந்தரத்துப் பொடியன் லயத்துக்கே கேட்கக் கத்தினான்: "நாப்பது! இன்னும் முப்பத்தஞ்சு வந்தா மஞ்சள்!" அவனோட அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வச்சுட்டு வந்து போத்தலைப் பார்த்தாங்க.

பிறகு தங்கச்சியோட கேள்விக்கும் போனோம். கீழ கடினமான உருமாறிய பாறை. மேல, அந்தப் பாறை வெயில்லயும் மழையிலயும் உக்கி உண்டான மண். மழைத்தண்ணி இறங்கி மண்ணோட இடைவெளிகளை நிரப்பினா எடை கூடும், துகளுக்குத் துகள் இருக்கிற பிடி தளரும். சரிவோட அடியை வெட்டி வீடோ பாதையோ போட்டிருந்தா, தாங்கிப் பிடிக்கிறதும் குறையும். கான் அடைச்சுக் கிடந்தா, ஓடிப் போக வேண்டிய தண்ணி மண்ணுக்குள்ளதான் போகும். இதையெல்லாம் சொன்ன பிறகு பிள்ளைகளே லயத்தைச் சுத்தி நடந்து பார்த்தாங்க: சுவர்ல புது வெடிப்பு இருக்கா, மரமும் கம்பமும் சாஞ்சிருக்கா, இல்லாத இடத்துல ஊத்து வருதா, இருந்த ஊத்துல கலங்கல் தண்ணியா, கதவு திடீர்னு இறுகுதா. எந்தப் பொதியிலயும் இந்தப் பாடம் கிடைக்காது.

இதுக்கு இரண்டு எதிர்ப்பு வந்துச்சு. முதலாவது, "பிள்ளைகளைப் பயமுறுத்தாதீங்க." 2004 சுனாமி நேரம் தாய்லாந்துக் கடற்கரையில டில்லி ஸ்மித் என்ற பத்து வயசு இங்கிலாந்துப் பிள்ளை, இரண்டு கிழமைக்கு முன்னால புவியியல் வகுப்புல படிச்சதை வச்சுக் கடல் நுரைக்கிறதைக் கண்டு பிடிச்சு, அந்தக் கரையில இருந்தவங்களைக் காப்பாத்தினாள். பயம் எங்க பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இருக்கு. மழைச் சத்தம் கேட்டாலே தூங்காத பிள்ளைகள் லயத்துல இருக்காங்க. அவங்களுக்கு இல்லாதது, எப்ப பயப்படணும் எப்ப தூங்கலாம் என்ற அளவு.

இரண்டாவது எதிர்ப்புக்கு எங்ககிட்ட இவ்வளவு சுலபமான பதில் இல்ல. அது தங்கச்சியே சொன்னது: "வெடிப்பு இருக்குன்னு தெரிஞ்சா மட்டும், எங்க போறது?"

கொஸ்லந்தை மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29, காலை. லயங்களை மண் மூடினது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்ல, அம்மா அப்பாவும் இல்ல. அந்த இடம் ஆபத்து என்று 2005லயும் 2011லயும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆக அங்க விஞ்ஞானம் தோற்கல. போறதுக்கு ஒரு துண்டுக் காணி இல்ல. பிழைச்சவங்களுக்குப் புது வீடு கையளிக்கவே ஏறத்தாழ இரண்டு வருடம் ஆச்சு. கடற்கரையில நின்ன டில்லிக்கு ஓடுறதுக்கு ஒரு இடம் இருந்தது. நம்ம காம்பரா நம்ம பேர்லயே இல்ல. 7 பேர்ச் காணிப் பேச்சு வருடக்கணக்கா நடக்குது, டித்வா வந்தபோதும் எத்தனையோ குடும்பம் அதே லயத்துலதான் இருந்தது.

அப்ப எதுக்குப் படிப்பிக்கணும்? எங்க நிலைப்பாடு இது. தெரியாத சனத்துகிட்ட "கடவுள் சோதனை, இயற்கைச் சீற்றம்" என்று சொல்லி முடிச்சுடலாம். தேதி போட்டு, மில்லிமீற்றர் போட்டு, வெடிப்போட அகலத்தை அளந்து எழுதி வச்சிருக்கிற லயத்துகிட்ட அப்படிச் சொல்ல முடியாது. தங்கச்சி இப்ப சுவர் வெடிப்புக்கு இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, கிழமைக்கு ஒருக்கா இடைவெளியை அளக்கிறாள். அந்தக் கொப்பியோட ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தர்கிட்ட கொடுக்கிறதா இருக்கிறோம். பதில் வருமா தெரியாது. வராட்டியும், எங்களுக்குத் தெரியாது என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.

அதனால உங்க தம்பி தங்கச்சிக்குப் பாடத்திட்டம் தேடுறீங்கன்னா, விலையையும் வீடியோவையும் பார்க்கிறதுக்கு முன்னால ஒன்றைக் கேளுங்க: இதைப் படிச்சு முடிக்கிற பிள்ளைக்குத் தன் வீட்டுக்குப் பின்னால இருக்கிற மலையை வாசிக்கத் தெரியுமா? தெரியாதுன்னா, அரசாங்கப் புத்தகத்தை எடுத்து, ஒரு சோடாப் போத்தலை வெட்டி, நீங்களே தொடங்குங்க. ராகலையா இருந்தாலும் சரி, ஹல்கரனோயா, வலப்பனை, உடப்புஸ்ஸலாவையா இருந்தாலும் சரி, எங்களுக்கு எழுதுங்க. சுவர்ல ஒட்டின எல்லைகளும், இரண்டு நாட்டுச் சொற்கொப்பியும் எங்ககிட்ட இருக்கு, அனுப்பி வைக்கிறோம்.