காசு கொடுத்து வாங்கிய சரித்திரம்

விடுமுறை நாளொன்றின் காலைப் பொழுதில் பூவத்து எல்லையில், நண்டலாற்றுப் பாலத்தருகே சற்று நேரம் நின்று பார்ப்போர்க்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். காரைக்காலிலிருந்து வடக்கு நோக்கி வாடகைக் கார்களும் வேன்களும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்லும். தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கியவை புதுவை விலையில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு போகும். வேறு எதையெதை நிரப்பிக்கொண்டு போகின்றன என்பது இவ்வேட்டில் எழுதத் தக்கதன்று. அவ்வண்டிகளில் நம் குடும்பத்தாரும் உளர். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருப்பார், அவரே வழிகாட்டி. தரங்கம்பாடிக் கோட்டை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம், தஞ்சைப் பெரிய கோயில், திரும்பும் வழியில் நாகூர். ஒரே பகலில் ஐந்து ஊர். அவ்வைந்து ஊர்களுக்குள் ஆயிரம் ஆண்டு!

பயணத்தின் மீது எமக்குப் பகையில்லை. பூமியில் சுற்றிப் பார்த்து முன்னோரின் முடிவு யாதாயிற்று என்று சிந்திக்குமாறு திருமறை ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் ஏவுகிறது. பழங்கட்டடம் பார்ப்பது வீண் வேலை என்று கூறும் ஆலிம்களும் நம்மிடையே சிலர் உண்டு. அவர்கள் அவ்வசனங்களை ஓதும் நிலையிலேயே நின்றுவிட்டார்கள் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எமது வழக்கெல்லாம், காரோடு சேர்த்துக் கண்ணையும் காதையும் சிந்தனையையும் ஒருநாள் வாடகைக்கு விட்டுவிடும் பழக்கத்தின் மீதுதான்.

தஞ்சையையே எடுத்துக்கொள்வோம். அங்கு வரும் வழிகாட்டிகளிற் பலர் கூறும் முதல் செய்தி, பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது. மாலை நான்கு மணிக்கு ஒரு குடும்பத்தாரோடு அம்முற்றத்தில் நின்றபோது இதனை எம் செவியாலேயே கேட்டோம். விமானத்தின் நிழலோ கிழக்கே மண்டபக் கூரையின் மீதும் முற்றத்துத் தளத்தின் மீதும் நீண்டு கிடந்தது. அந்நிழலில்தான் நாங்கள் வெயிலுக்கு ஒதுங்கி நின்றோம்! ஒரு சிறுவன், "வாப்பா, இது எதோட நிழல்?" என்று கேட்டான். "சும்மா இரு, அவங்க சொல்றதைக் கேளு" என்பது விடையாய்க் கிடைத்தது.

ஏறத்தாழ 216 அடி உயர்ந்து, மேலே செல்லச் செல்லக் குறுகும் கட்டடம் அது. நண்பகலில் அதன் நிழல் பெரும்பாலும் தன் அடுக்குகளின் மீதே விழும். காலையிலும் மாலையிலும் எந்தக் கட்டடத்துக்கும் விழுவது போலத் தரையில் விழும். இதில் அதிசயமும் இல்லை, இரகசியமும் இல்லை. அதிசயம் வேறிடத்தில் இருக்கிறது. 1010ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் எழுப்பிய அக்கோயிலின் கல்லில், கோயிலுக்கு வந்த நகைகளின் பட்டியல் வெட்டப்பட்டுள்ளது. முத்து எத்தனை, அதன் வகை யாது, எடை எவ்வளவு என்று ஒரு நகைக்கடைக் கணக்கரும் தோற்கும் நுட்பத்தோடு வெட்டப்பட்ட பட்டியல் அது. அதில் 'சோனகச் சிடுக்கின் கூடு' என்று ஓர் அணிகலனின் பெயர் வருகிறது. சோனகர் என்பது அரபு நாட்டவரையும் அவர்வழி வந்தோரையும் தமிழர் அழைத்த பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் பெயர் ஒரு நகையின் பெயராகுமளவுக்கு இம்மண்ணில் புழங்கியிருக்கிறது. பெரிய கோயிலின் கல்லே அதற்குச் சாட்சி. அதன் முன் நின்ற நம் பிள்ளைகள் கேட்டுச் சென்றதோ விழாத நிழலின் கதை!

இதனை வெறும் தகவற் பிழையென்று தள்ளிவிடலாகாது. அதே நாளில் அதே வழிகாட்டியின் வாயிலிருந்து நம்மைப் பற்றி வந்த சொல் ஒன்றே ஒன்றுதான்: "துலுக்கர் படை வந்தது, இடித்தது." மாலிக் காபூர் 1311இல் தென்னாடு வந்ததும் கொள்ளையிட்டதும் மெய்யே. அதனை மறைக்க முயல்வோர் நம் கட்சியினர் அல்லர். மதுரைச் சுல்தானியத்தைக் கண்ட இப்னு பதூதா, தம் மைத்துனி கணவரான சுல்தான் கியாஸுத்தீன் சிறைப்பட்டோரையும் பெண்டிரையும் பிள்ளைகளையும் கொன்ற கொடுமையை மூடி மறைக்காமல், வெறுப்போடு எழுதிவைத்தார். உறவுக்காகவோ மார்க்கத்தின் பெயராலோ அவர் அதனை மன்னிக்கவில்லை. பயணி என்றால் அவரன்றோ பயணி! நாம் கேட்பது மன்னிப்பன்று, கணக்கு. படையோடு வந்தவனைச் சொல்லும் வாய், அவனுக்கு முந்நூறு ஆண்டு முன்பே சரக்கோடும் முத்தோடும் வந்தவனையும் சொல்ல வேண்டும். பாதியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, தன்னை இந்நாட்டின் விருந்தாளியென்றோ வழிப்பறிக்காரனின் பேரனென்றோ எண்ணிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அவனை அவ்வாறே எண்ணும். அவ்வெண்ணத்தின் விலை ஒருநாள் கார் வாடகையைக் காட்டிலும் பன்மடங்கு பெரிது.

நாகூரில் நடப்பதைப் பார்ப்போம். பொழுது சாய்ந்து, பிள்ளைகள் களைத்து, வண்டி அங்கு வந்து சேரும்போது கால் மணி நேரமே மிஞ்சியிருக்கும். ஐந்து மினாராக்கள் என்று எண்ணிக் காட்டுவர், படம் எடுத்துக்கொள்வர், பாத்திஹா ஓதுவர், புறப்படுவர். ஐந்தினுள் உயரமான பெரிய மினாரா 131 அடி. அதனைக் கட்டுவித்தவர், 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஓர் இந்து அரசர் எடுத்த மினாராவின் அடியில் நின்றுகொண்டு, "துலுக்கர் வந்து இடித்தார்கள்" என்று காலையில் கேட்ட சொல்லுக்கு மறுமொழி இதோ என்று தம் மகனுக்குக் காட்டிய தந்தை எவரேனும் உண்டா? கல்லே மறுமொழி சொல்லிக்கொண்டு நிற்கிறது; கேட்கத்தான் ஆளில்லை.

கடல் கடந்து போன நம்மவர் அந்த மினாராக்களின் நினைவைச் சுமந்து சென்றார்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் சிங்கப்பூரில் நாகூர் தர்காவைப் போல ஒன்றை எழுப்பினார்கள். பினாங்கிலும் ஒன்று உண்டு. சிங்கப்பூர் அரசு அதனை 1974இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. 2011 முதல் அது இந்திய முஸ்லிம்களின் மரபுடைமை நிலையமாய், அங்கு குடியேறிய நம்மவரின் வரலாற்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. நகலுக்கு அங்கு கிடைத்த மதிப்பு இது. மூலத்துக்கு இங்கே கால் மணி நேரம்!

தரங்கம்பாடியில் வேறு வகைக் குறை. டேனியர் வந்து அவ்வூரையே உண்டாக்கினார்கள் என்பது போலப் பேசுவர். தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620இல் டேனியருக்கு இடமளித்தார், கோட்டை எழுந்தது, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. இவை சரி. ஆனால் கோட்டைக்கு அருகே கடல் தின்று மிச்சம் வைத்த மாசிலாமணி நாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. டேனியருக்கு முந்நூறு ஆண்டு மூத்தது. சடங்கன்பாடி என்னும் குலசேகரன் பட்டினம் என்று அக்கோயிற் கல்வெட்டு அவ்வூரைச் சொல்கிறது. இன்னொன்றும் சொல்லாமல் விடுவர். டேனிஷ் மன்னரே அனுப்பிவைக்க 1706இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குவை, டேனியக் கம்பெனியின் தலைவரே அக்கோட்டையில் மாதக்கணக்கில் சிறைவைத்தார். வணிகரும் பாதிரியாரும் ஒரே கப்பலின் இரு துடுப்புகள் என்று எண்ணியிருப்போர்க்கு அச்செய்தி ஒன்றே ஒரு நாளைக்குப் போதும்.

கையில் பணம் கூடியோர் தில்லி வரை சென்று, அங்கிருந்து தனிக் காரில் விடியற்காலை புறப்பட்டு, 2012இல் திறந்த யமுனை விரைவுச் சாலை வழியாக ஆக்ரா போய், அன்றிரவே திரும்புகின்றனர். தாஜ் மகாலைக் கட்டியோரின் கைகளை ஷாஜஹான் வெட்டினான் என்ற கதையோடு வருகின்றனர். அக்காலத்து ஏடு எதிலும் அதற்குச் சான்றில்லை. தாஜின் தலைமைச் சிற்பியாகக் கருதப்படும் உஸ்தாத் அஹ்மத் லாஹூரி தில்லிச் செங்கோட்டைப் பணியிலும் இருந்தவர். கையை வெட்டிய அரசன் அடுத்த கோட்டையை எவரைக் கொண்டு கட்டினானாம்? அது கிடக்கட்டும். எமக்கு நெஞ்சு வலிப்பது வேறு. பெருவாயிலில் எழுதப்பட்ட அரபு எழுத்துகள் மேலே போகப் போகப் பெரிதாக்கப்பட்டிருப்பதால் கீழிருந்து பார்க்க ஒரே அளவாய்த் தோன்றும் என்று வழிகாட்டி விளக்குவார். எழுத்தின் அளவைச் சொல்வார், எழுத்தைச் சொல்லார். அங்கிருப்பது சூரத்துல் ஃபஜ்ர். அமைதியுற்ற ஆன்மாவைச் சுவனத்துக்கு அழைத்து முடியும் அத்தியாயம்! அவ்வாயிலைக் கடந்ததும் விரியும் தோட்டத்துக்கு வேறு பொருளுரை வேண்டுமா? மக்தபில் அந்த சூராவை மனனம் செய்த பிள்ளைகள், தாம் மனனம் செய்ததன் முன்னாலேயே நின்று அண்ணாந்து பார்த்து, "டிசைன் அழகா இருக்கு" என்று சொல்லி வருகிறார்கள். இதற்கு வழிகாட்டியையா நோவது?

வழிகாட்டியை நோவதில் நியாயமில்லை. அவர் வயிற்றுக்கு உழைப்பவர். கேட்போர் எதற்குக் கைதட்டுகிறார்களோ அதையே நாளையும் சொல்வார். கல்வெட்டு என்றால் முகம் சுளித்து, நிழல் என்றால் வாய் பிளப்போரை நாள்தோறும் கண்டவர் வேறென்ன செய்வார்? கற்றறிந்த வழிகாட்டிகளும் உண்டு. அவர்கள் ஒரு கோயிலுக்கே அரைநாள் கேட்பார்கள். ஆதலால் ஐந்து ஊர் கேட்கும் நம்மவர் அவர்களை அழைப்பதில்லை.

குற்றப்பத்திரிகையில் முதற்பெயர் நம்முடையது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடுத்தான். அச்செப்பேடு ஹாலந்து நாட்டு லெய்டன் நகருக்குப் போய்ப் புகழ்பெற்றது. அங்கு எஞ்சி நின்ற பௌத்தக் கோபுரத்தையோ 1867இல் இடித்துவிட்டார்கள். இல்லாத கட்டடத்தைப் பார்க்க எவர் காசு கொடுப்பார்? ஆகவே அது எந்தப் பட்டியலிலும் இல்லை. அன்று இடித்தது ஆங்கில ஆட்சியின் அனுமதி. இன்று நம் பள்ளிவாசல்களில் நடப்பது எவருடைய அனுமதி?

இக்கரையோர ஊரொன்றில், பெயர் வேண்டாம், கருங்கல் தூண்களும் தட்டைக் கூரையும் கொண்ட பழைய பள்ளி ஒன்று இருந்தது. தமிழ்க் கற்றச்சர் கைவண்ணம். உருவம் ஒன்றுமில்லாமல் பூவும் கொடியுமாய்ச் செதுக்கிய போதிகைகள். கும்பம் போன்ற குவிமாடம் இல்லையே என்று ஜமாஅத்தாருக்கு மனக்குறை. வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது, தூண்கள் போயின, பச்சைக் குவிமாடம் வந்தது. வாயிலருகே ஹிஜ்ரி ஆண்டு பொறித்த அரபுத் தமிழ்க் கல் ஒன்று இருந்தது. அதன்மீது சுவரோடு சுவராய்ப் பளபளக்கும் ஓடுகளை ஒட்டி, அதற்கு மேல் நன்கொடையாளர் பெயர்களைச் சலவைக்கல்லில் பதித்துவிட்டார்கள். கேட்டதற்கு, "ஹஜரத், அந்த எழுத்து யாருக்கும் படிக்கத் தெரியலையே" என்றார் முத்தவல்லி. படிக்கத் தெரிந்த ஒருவனிடம்தான் அவர் அதைச் சொன்னார்!

இவ்வாறு கையிலிருந்த கல்லை மூடிவிட்டு, இல்லாத கல்லுக்குப் பெருமை பேசுவதும் நம்மிடம் உண்டு. கீழக்கரையில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே கட்டிய பள்ளி அப்படியே நிற்கிறது என்று கைப்பேசி தோறும் படம் பறக்கிறது. இன்று அங்கு நிற்கும் தூண்களின் வேலைப்பாடு பல நூற்றாண்டுகள் பிந்தியது; அந்த வேலைப்பாடே போதுமான பெருமை. மதுரைக் கோரிப்பாளையம் தர்காவில் 1573ஆம் ஆண்டு வீரப்ப நாயக்கரின் தமிழ்க் கல்வெட்டு, தர்காவுக்கு முன்னரே அளித்த ஊர்களை மீண்டும் உறுதி செய்கிறது. தேதி உண்டு, பெயர் உண்டு. அதனைப் படமெடுத்து அனுப்புவார் இல்லை. நிழல் விழாத விமானத்துக்கும் ஆண்டு தெரியாத பள்ளிக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் காசின்றியும் காசுக்கும் விற்கப்படும் கதைகளே.

ஆகவே அடுத்த விடுமுறைக்கு வண்டி பேசுவோரிடம் எமது வேண்டுகோள் இது. ஐந்தில் நான்கை வெட்டுங்கள். ஓர் ஊரை மட்டும் வையுங்கள். போகுமுன் ஒரு வாரம் அவ்வூரைப் பற்றிப் படியுங்கள். நாகூர் என்றால் குலாம் காதிறு நாவலரைத் தேடுங்கள், சோனகர் வரலாறு என்றால் எஸ்.எம். கமாலின் 'முஸ்லீம்களும் தமிழகமும்' இருக்கிறது. வழிகாட்டியை அழைத்தால் அவரிடம் கேள்வி கேளுங்கள். இதற்குக் கல்வெட்டு எங்கே என்று ஒரு முறை கேட்டால், மறுமுறை அவரே தேடி வைத்திருப்பார்.

மதரஸாக்களுக்கும் ஒரு சொல். நஹ்வும் ஸர்ஃபும் கற்ற மாணவனுக்குக் கல்லில் உள்ள அரபை வாசிக்க மேலும் சில மாதப் பயிற்சி போதும். மைப்படி எடுப்பது பெருங்கலையன்று. கல்லைத் தூய நீரால் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் குழிக்குள் இறக்கி, சற்று உலர்ந்தபின் மையை ஒற்றி எடுத்தால், எழுத்து வெள்ளையாகவும் கல் கறுப்பாகவும் தாளில் வந்து நிற்கும். தெரிந்தவர் ஒருவர் அருகிருந்து முதல் முறை காட்டித் தருவது நல்லது. அமிலம் ஊற்றித் தேய்ப்பதும் உளியால் சுரண்டுவதும் கூடவே கூடாது. வாசிக்க இயலாத அரபு, பாரசீகக் கல்லாயின், அவற்றுக்கென்றே இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுக் கிளை நாகபுரியில் இருக்கிறது. தெளிவான படமும் ஊர்ப்பெயரும் கல் இருக்கும் இடமும் குறித்து அங்கு எழுதலாம். பள்ளிவாசலைப் புதுப்பிக்கத் தீர்மானம் போடும் ஜமாஅத்துகள் கொத்தனாரை அழைப்பதற்கு முன் இதனைச் செய்யட்டும்.