புறா பறக்கட்டும், கொஞ்சம் பொறுத்து!

'மாரி' படம் பார்த்தவங்களுக்குச் சென்னையோட புறா பந்தயம் தெரிஞ்சிருக்கும். பறவைக் காய்ச்சல் வந்து, "புறாவை வெளியே விடாதீங்க"ன்னு சொன்னா, வளர்க்கிறவங்க சொல்றது ஒண்ணுதான்: "அது கோழிக்கு வர்ற நோய்ப்பா!"

பாதி உண்மை. கோழி அளவுக்குப் புறா எளிதில் பாதிக்கப்படாது. ஆனா பந்தயத்துக்குப் போகும்போது பல மாடிப் புறாக்கள் ஒரே கூண்டில், ஒரே தண்ணீரில். காலில் ஒட்டின எச்சம் போதாதா?

2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயத்தில் நோய் வந்தப்போ, கண்டுபிடிச்ச இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் வளர்ப்புப் பறவைகளை அழிச்சாங்க. உங்க ஒரு பந்தயத்துக்குப் பக்கத்துத் தெரு கோழிக்காரர் ஏன் அந்த விலை கொடுக்கணும்?

அடைபட்ட புறாவுக்குப் பழக்கம் விட்டுப்போகும்தான். குறைஞ்ச தூரத்திலிருந்து மறுபடி பழக்கிக்கலாம். அழிச்ச பறவையை எங்கிருந்து பழக்குவீங்க?