கல்லை நம்பும் கார்

பிரீமியர் பத்மினி டாக்ஸிகள் மும்பையிலிருந்து விடைபெற்றது 2023 அக்டோபரில். செம்பூருக்குப் பக்கத்தில், குர்லாவில் தயாரான அந்தக் காரைச் சிலர் இன்றும் ஆசையாக வைத்திருக்கிறார்கள். பெயின்ட், சீட் என்று பணம் கொட்டுகிறார்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் கவனிப்பதில்லை. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்!

நவீனப்படுத்துகிறேன் என்று கால் பிரேக்கின் எண்ணெய் அழுத்தத்தையே வால்வு போட்டுப் பூட்டி வைப்பவர்களும் உண்டு. இது வம்பு. ராத்திரியில் எண்ணெய் கசிந்தால் கார் உருளும். தவிர, கால் பிரேக் கைவிட்டால் காப்பாற்ற வேண்டியது ஹேண்ட் பிரேக்தான். இரண்டும் தனித்தனியாக இயங்க வேண்டும் என்கின்றன 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள்.

மழையில் துருப்பிடித்து, இழுத்து இழுத்து நீண்டுபோன கேபிளை முதலில் மாற்றலாம். தேய்ந்த பிரேக் ஷூவையும்தான். அதற்கு மேலும் பயமிருந்தால், கல்லும் இருக்கட்டும்.