பாட்டுப்பெட்டி வாங்கப் போகிறீர்களா?



சம்பளம் போட்டதும் கம்பியில்லா ஒலிபெருக்கி ஒன்று வேண்டுமென்று பிள்ளைகள் கேட்கிறார்களா? தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால், மின்னும் விளக்கைப் பார்த்து வெள்ளியை நீட்டிவிடாதீர்கள்.

பெட்டியின் மேல் ‘ஐ.பி. 67’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தூசு புகாது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இது அவசியம். எஃப்.எம். வசதியும் இருந்தால், கைப்பேசி டேட்டா செலவாகாமல் மின்னல் எஃப்.எம். கேட்கலாம். சிரிம் முத்திரையைப் பாருங்கள். கடையிலேயே பாடவிட்டுக் கேட்டு, ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்துச் சென்றால் கைப்பேசி 10 மீட்டருக்குள் இருக்கட்டும். தள்ளிப் போனால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை விட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. சூடு அதற்கு ஆகாது.

கடைசியாக ஒன்று. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம், விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போக வேண்டியவர் படுத்திருப்பார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் இருக்கும். நம் வீட்டுப் பாட்டு நம் வாசலோடு நிற்கட்டும்!